புதுப்பிப்பு: ஹாக்கன் மாற்றுக் குழலுக்கு ஒத்துவந்த லோடு

முன்பு கேட்டது: தாம்ப்சன் சென்டர் ஹாக்கன், .50 கேலிபர் மஸில்லோடர் (குழல் வாய்வழியே மருந்தும் குண்டும் இடும் துப்பாக்கி). உள்வரிகள் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள பழைய குழலுக்குப் பதில் 70 அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள குழலை மாட்டியதும், மான் வேட்டைக்கான அதே லோடு (மருந்து, குண்டு, சுற்றுத்துணி சேர்க்கை) 50 கெஜத்திலேயே சிதறியது.

விடை இலக்கு அட்டையில் இல்லை, தரையில் கிடந்த பேட்ச் துணிகளில் (குண்டைச் சுற்றிக் குழலில் இடும் துணி) இருந்தது. நடுவில் கருகவில்லை, குண்டைச் சுற்றிய வட்டத்தில் மட்டும் பிளேடு போட்டதுபோல் கீறல்கள். புதுக் குழலின் வரிமேடு (உள்வரிப் பள்ளங்களுக்கு இடையிலான மேடு) கூராக இருந்தால் இப்படித்தான் கிழியும். துப்புரவுக் கம்பி நுனியில் எண்ணெய் தோய்த்த நான்கு சைபர் (0000, மிக நுண்ணிய) எஃகுப் பஞ்சைச் சுற்றி, 50 முறை இழுத்ததும் கீறல் நின்றது. குழல் வாயில் கம்பி உரசக் கூடாது. அங்கே தேய்ந்தால் குறி போச்சு.

அடுத்தது பேட்ச் தடிமன். இதுபோன்ற உருண்டைக் குண்டுக் குழலில் பள்ளம் ஆழம், 0.010 அங்குலத் துணி அதை அடைக்காது. 0.490 ஈயக் குண்டு, 0.018 டிக்கிங் (மெத்தை உறை) துணி, 2எஃப் (மணியின் அளவு) கரிமருந்து. 60 கிரெய்னில் (மருந்தை அளக்கும் அலகு) தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றி, ஒவ்வொரு சூட்டுக்கும் இடையே குழலைத் துடைத்ததில், 80-இல் மூன்று குண்டும் இரண்டு அங்குலத்துக்குள். தயாரிப்பாளரின் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். புகையில்லா மருந்து அறவே கூடாது.

லோடு மாறினால் குண்டை உள்ளே தள்ளும் கெட்டிப்புக் கம்பியில், குண்டு உட்காரும் ஆழத்தைக் காட்டும் புதுக் கோடு போடுங்கள். குண்டு மருந்தின்மேல் உட்காராமல் இடைவெளி விட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும்.

நீள்குண்டு கேட்டவர்களுக்கு: இந்தக் குழலில் வேண்டாம், சுழற்சி போதாமல் புரண்டு போகும்.