வெவேயில் இரண்டு கிழமை: ஏரியை முழுக்கச் சுற்றுவதா, முந்திரிகைத் தோட்டத்துக்குள் ஏறுவதா?

கோப்பாய் ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். செப்டெம்பர் கடைசியில் சுவிசுக்குப் போகிறேன். தங்கச்சி குடும்பம் வெவேயில், லெமான் (ஜெனீவா) ஏரிக்கரையில் இருக்கிறது. பென்சன் எடுத்தவள் என்பதால் லீவு கேட்கிற கரைச்சல் இல்லை, இரண்டு கிழமை நிற்பேன். கடை கடையாக ஏறி இறங்க எனக்கு ஆசை இல்லை. சைக்கிள் ஓடவேண்டும்.

பெற்றோல் இல்லாத காலத்தில் லேடீஸ் பைக்கில் பள்ளிக்கூடம் போய்ப் பழகிய கால் இது. இப்போது ஒரு பழைய ரேஸ் சைக்கிள் வைத்திருக்கிறேன். ஞாயிறு விடியப் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் வரை போய், இறங்குதுறையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்புவேன். போய்வர 70 கிலோமீற்றருக்குக் குறையாது. தூரம் எனக்குப் பிரச்சினை இல்லை. மேடு என்றால்தான் என்னவென்று காலுக்குத் தெரியாது. பாலத்தில் ஏறுவதைத் தவிர யாழ்ப்பாணத்தில் எங்கே ஏற்றம்?

தங்கச்சியின் மனுசன், "ஏரியைச் சுத்தினால் 180 கிலோமீற்றர், சனம் ஒரே நாளில் சுத்துது, நீங்களும் சுத்தலாம் மச்சாள்" என்கிறார். அவர் சைக்கிள் ஓடுவதில்லை.

முழுச் சுற்றும் போவதா? வெவேயைச் சுற்றியுள்ள முந்திரிகைத் (திராட்சைத்) தோட்டச் சரிவுகளில் என் வயதுக்காரி ஏறலாமா? சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? ஓடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரையான்

ரீச்சர், நான் வெவேயில்தான் இருக்கிறேன். ஒரு ஹோட்டல் குசினியில் பின்னேர வேலை, அதனால் காலமை எனக்குச் சொந்தம். அந்த நேரத்தில் ஓடுகிற பாதைகளைத்தான் சொல்கிறேன்.

முழுச் சுற்றை விடுங்கள். உங்களால் முடியாது என்பதற்காக இல்லை. குறிகட்டுவான் காற்றுக்குள் ஓடுகிறவர் அதையும் ஓடுவார். ஆனால் அதில் பெரும்பகுதி கார்த்தெரு. பிரான்ஸ் கரையில் சென் ஜாங்கோல்ப்பில் இருந்து எவியானுக்குப் போகிற வழியில் பல இடங்களில் மலை நேரே ஏரிக்குள் இறங்குகிறது, நடுவில் ஒடுங்கிப்போய் ஒரு தெரு. முதுகுக்குப் பின்னால் லொறி வரும்போது ஏரியை யார் பார்ப்பது?

உங்கள் தங்கச்சி வீட்டு வாசலிலேயே லவோ இருக்கிறது. லொசானில் இருந்து ஷியோன் கோட்டைப் பக்கம் வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு, ஏரியைப் பார்த்த சரிவு முழுக்க முந்திரிகை. 11ஆம் நூற்றாண்டில் துறவிகள் கட்டத் தொடங்கிய கல்மதில் படிகள். 2007இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியது. இதை விட்டுவிட்டு ஜெனீவாவின் சிக்னல் லைற்றுகளில் நின்று என்ன காணப்போகிறீர்கள்?

முதல் நாளுக்கு என் பாதை இது. வெவேயில் இருந்து மேற்கே ஏரிக்கரைத் தெருவால் சென் சஃபொரான், ரிவா தாண்டிக் குல்லிக்குப் போங்கள். ஏற்றம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. குல்லியில் தண்ணீர் நிரப்புங்கள். ஊர்களின் நடுவில் கல்தொட்டியோடு குழாய் ஓடும், குடிக்கக்கூடாது என்று பலகை இல்லாவிட்டால் குடிக்கலாம். அங்கிருந்து எப்பெஸ் ஊருக்கு ஏறி, கோர்னிஷ் என்கிற மேல்தெருவால் ஷெப்ர் வரை கிழக்கே வாருங்கள். ஏரி மட்டம் 372 மீற்றர், ஷெப்ர் 550ஐத் தாண்டும். சேர்த்துப் பார்த்தால் 200 மீற்றர் அளவு ஏற்றம். பிறகு வெவேக்கு இறக்கம். எல்லாமாக 25 கிலோமீற்றர் அளவில் முடிந்துவிடும்.

ஏன் இந்தத் திசை? இங்கே வாகனம் வலப்பக்கம். கோர்னிஷில் கிழக்கே வரும்போது ஏரி உங்கள் வலது கையில். இடையில் ஒரு பதிந்த மதில், அதற்குக் கீழே படிபடியாகத் தோட்டம், அதற்கும் கீழே தண்ணீர். எதிர்த்திசையில் போனால் மலைப்பக்கத்து மதிலைப் பார்த்துக்கொண்டே மிதிக்கவேண்டும்.

நம்மூரில் முந்திரிகை என்றால் பந்தல், கீழே குனிந்து போவோம். இங்கே கொடி பதிந்து, வரிசை வரிசையாகக் கம்பியில் கட்டியிருக்கும், மேலே நின்று பார்க்கலாம். பெரும்பாலும் சஸ்லா என்கிற வெள்ளை இனம். பழுக்கும்போது வெயில் பட்ட பக்கம் தேன்நிறமாகும். லவோவுக்கு மூன்று சூரியன் என்று இங்கே சொல்வார்கள்: வானத்தில் ஒன்று, ஏரியில் பட்டுத் தெறிப்பது ஒன்று, பகலெல்லாம் சுட்டு இரவில் சூட்டை விடுகிற கல்மதில் ஒன்று. பொழுதுபட்ட பிறகு அந்த மதிலில் கையை வைத்துப் பாருங்கள்.

நீங்கள் வருவது அறுவடைக் காலம். மதில்களுக்கு நடுவே போகிற ஒடுக்கமான கொங்கிறீற் பாதைகள் தோட்டக்காரருடையவை. உழவு இயந்திரம் வந்தால் இறங்கி ஒதுங்கி நில்லுங்கள். செங்குத்தான இடங்களில் பழப்பெட்டி ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறி இறங்கும், அதை வேடிக்கை பார்ப்பதற்காகவே நான் சில காலமை நிற்பேன்.

இரண்டாவது பாதை உங்கள் காலுக்கு ஏற்ற மட்டம். மொந்த்ரே, ஷியோன் கோட்டை, வில்நேவ், பிறகு றோன் ஆற்றுப் பள்ளத்தாக்கால் ஏக்ள் வரை. உலக சைக்கிள் ஓட்டச் சங்கத்தின் தலைமையகம் ஏக்ளில்தான். 200 மீற்றர் மரத்தடத்தோடு 2002இல் திறந்த பயிற்சி நிலையம். அந்த ஊர்க் கோட்டையைச் சுற்றியும் முந்திரிகைதான், கோட்டைக்குள்ளே வைன் அருங்காட்சியகம். ஒன்று: வொதேர் என்கிற காற்று அந்தப் பள்ளத்தாக்கில் இருந்துதான் ஏரிக்கு இறங்கும். அடிக்கிற நாளில் நம்மூர் வல்லை வெளிக் காற்று நினைவுக்கு வரும். எதிர்க்காற்றில் போய்ப் பின்காற்றில் திரும்புகிற கணக்கு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிரான்ஸ் மண்ணை மிதித்தே ஆகவேண்டும் என்றால், லொசானில் இருந்து எவியானுக்குக் கப்பல் போகிறது. 35 நிமிடம், சைக்கிளுக்குத் தனி ரிக்கற். செங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும், பாஸ்போட்டைக் கையில் வைத்திருங்கள்.

களைத்துப்போனால் வெட்கப்படாமல் ரயில் ஏறுங்கள். லொசானில் இருந்து வில்நேவ் வரை கரையோரமாகவே தண்டவாளம், குல்லி, எப்பெஸ், ரிவா எல்லாவற்றிலும் நிலையம் உண்டு. அதிலும் சைக்கிளுக்கு வேறு ரிக்கற்.

பனங்கொட்டை

இவ்வளவு எழுதினீர்கள், வைனைப் பற்றி ஒரு வரி இல்லையே அண்ணை! ரீச்சர், தோலகட்டி மடத்து வைனைக் குடித்த நாக்கு அங்கே என்ன சொல்கிறது என்று வந்து எழுதுங்கள்.

ஏரிக்கரையான்

தம்பி, இங்கே டெசிலீற்றர் கணக்கில் கேட்கலாம். ஒரு டெசிலீற்றர் என்றால் சின்னக் கிளாஸ். ஆனால் 0.5 புரோமில் (ஆயிரத்தில் 0.5 பங்கு) என்கிற இரத்த மது வரம்பு சைக்கிள்காரருக்கும் உண்டு. ஷெப்ரில் குடித்துவிட்டு அந்த இறக்கத்தில் போகிற எண்ணம் வேண்டாம். வெவேக்கு வந்து சைக்கிளை வீட்டில் விட்டபிறகு குடிக்கட்டும்.

தேயிலைக்காட்டு ரைடர்

டீச்சர், நான் ஹட்டன். ஏறுவதைப் பற்றி எல்லாரும் பயப்படுவார்கள், இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மட்டமான ஊரில் ஓடியவர்களுக்கு பிரேக் என்பது நிற்பதற்கு. எங்களுக்கு அது வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பதற்கு. வளைவுக்குள் போனபிறகு பிடித்தால் சறுக்கும். கைப்பிடியின் கீழ் வளைவைப் பிடித்து, இரண்டு பிரேக்கையும் கொஞ்சம் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடாகும்.

சுவிஸ் போவதற்கு முன்னால் இங்கே ஒருமுறை வாங்களேன். நோர்வூட் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதைகளில் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும். முந்திரிகைக்குப் பதிலாகத் தேயிலை, அவ்வளவுதான். 1200 மீற்றர் உயரத்தில் மூச்சு வாங்கும், வாங்கட்டும். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஏறினால் போதும். ஆகஸ்டில் மழை இருக்கும். ஈர ரோட்டில் பிரேக் பழகவும் அது நல்லதுதான்.

கோப்பாய் ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. முழுச் சுற்று இல்லை என்று தங்கச்சி மனுசனுக்கு அறிவித்துவிட்டேன், அவருக்குத்தான் கவலை. ஹட்டனுக்கு ஆகஸ்டில் வருகிறேன் தம்பி, மழைக்கோட்டோடு. ஏரிக்கரையான், சைக்கிள் விசயத்துக்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே?

ஏரிக்கரையான்

மன்னிக்கவும் ரீச்சர், வேலைக்கு நேரமாகிவிட்டது. கொண்டுவர வேண்டாம், இங்கே எடுங்கள். உங்கள் பழைய ரேஸ் சைக்கிளின் கியர் மட்டத்தரைக்கு. கடையில் முன்னால் 50, 34 பல்லுள்ள இரண்டு சக்கரம் (50/34), பின்னால் பெரிய பல்லுச்சக்கரம் 32 அல்லது 34 பல் என்று கேளுங்கள், எப்பெஸ் ஏற்றத்தில் முழங்கால் தப்பும். உங்கள் சீற் உயரத்தை, பெடல் அச்சின் நடுவில் இருந்து சீற்றின் மேல்விளிம்பு வரை, இப்போதே அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். பெடலையும் சப்பாத்தையும் கையோடு கொண்டுவரலாம்.

இன்னும் இரண்டு. அடையாளம் இல்லாத சந்தியில் வலப்பக்கம் இருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை, உங்களுக்கு இல்லை. அப்புறம், நம்மூரில் முன் பிரேக் வலது கையில். இங்கே பெரும்பாலும் இடது கையில். கடைக்காரரிடம் மாற்றித் தரக் கேளுங்கள். முடியாது என்றால் முதல் நாள் ஏரிக்கரையில் மெதுவாக ஓடி, கையைப் பழக்கியபிறகு மேலே ஏறுங்கள்.