ஜப்பான் ஸ்கூல் பொண்ணுங்க எல்லாரும் ஏன் "நான் குண்டு"ன்னே சொல்றாங்க?

சைதாமா_டீச்சர்:
வணக்கம் மக்களே, நான் சைதாமா பக்கம் ஒரு ஹைஸ்கூல்ல இங்கிலீஷ் அசிஸ்டென்ட் டீச்சர், வந்து எட்டு மாசம் ஆச்சு. மதியம் பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிடுறப்ப பாக்குறேன், சில பொண்ணுங்களோட பென்டோ, அதான் மதியச் சாப்பாட்டு டப்பா, சோப்பு டப்பா சைஸ்தான், அதுலயும் சோத்தை ஓரமா ஒதுக்கிட்டு மூடிடுதுங்க. ஒருத்தி 160 சென்டிமீட்டர் உசரம், 46 கிலோ ஆகணும்னு நோட்டுல எழுதி வச்சிருக்கா, கேட்டா "சின்டரெல்லா வெயிட்"ங்குறா. இது என்ன கணக்குப்பா?

கணக்குப்பிள்ளை:
உயரம் மீட்டர்ல 1.6, அதை 1.6ஆல பெருக்கி, 20ஆல பெருக்கி, கடைசியா 0.9ஆல பெருக்குங்க. வந்துச்சா 46? அதாவது பிஎம்ஐ (எடையை உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்ற எண்) 18. 18.5க்குக் கீழ போனாலே எடை கம்மின்னுதான் கணக்கு, அப்போ இவங்க வச்சிருக்கற டார்கெட்டே கோட்டுக்குக் கீழதான் இருக்கு. 2019 அரசு சர்வேல இருபதுகள்ல இருக்கற பொண்ணுங்கள்ல 20.7 சதவீதம் பேர் எடை கம்மி, ஸ்கூல்ல ஆரம்பிக்கறதுதான் அங்க போய் நிக்குது.

கசாய்_அம்மா:
என் பொண்ணு இங்க ஜப்பானிய ஸ்கூல்லதான் படிக்கிறா சிஸ்டர். நம்ம ஊர்ல "என்னடி இப்படி இளைச்சிட்ட"ன்னா அடுத்தது தட்டுல ரெண்டு தோசை விழும், இங்க "யசேத்தா?"ன்னு கேட்டா, அதாவது இளைச்சிட்டியான்னு, பொண்ணுங்க மூஞ்சி பளிச்சுனு ஆயிடும், அது பாராட்டு. அப்புறம் "நான் குண்டு"ங்கறது பாதி மரியாதைக்குச் சொல்றது. யாராவது புகழ்ந்தா ஒத்துக்கவே கூடாது, "ஐயோ இல்ல"ன்னு மறுக்கணும், ஒருத்தி என் கால் தடிமன்னு சொன்னா பக்கத்துல இருக்கறவ என்னுது அதைவிட மோசம்னு சொல்லியாகணும், இல்லன்னா திமிர்னு ஆயிடும். தினம் பத்து தடவை சும்மா சொல்லிச் சொல்லி அதுவே மனசுல உக்காந்துடுது. புரிகுரான்னு முகத்தை அழகாக்கிக் காட்டுற போட்டோ மெஷின்ல எடுத்த போட்டோவை ஒருநாள் காட்டினா, முகம் சின்னதாகி கண்ணு டம்ளர் சைஸ், இது யாருடின்னு கேட்டேன், கோவிச்சுக்கிட்டா 😄

ஷிபுயா_பழசு:
எல்லாத்தையும் கலாச்சாரம்னு தள்ளிடாதீங்க. வெள்ளைத் தோல் ஏழு குறையை மறைக்கும்னு பழமொழி வச்சிருக்கற இதே ஊர்லதான் 90கள் கடைசியில டோக்கியோவோட ஷிபுயா ஏரியா பொண்ணுங்க வேணும்னே தோலைக் கருக்கிக்கிட்டு திரிஞ்சாங்க, கங்குரோன்னு பேரு. ஆனா அந்தக் கூட்டத்துலயும் குண்டா இருக்கலாம்னு யாரும் சொன்ன மாதிரி தெரியல, அது வேற விஷயம். டீச்சர், அந்தப் பொண்ணைப் பத்தி உங்க ஸ்கூல் ஹெல்த் ரூம் டீச்சர்கிட்ட மெதுவா ஒரு வார்த்தை போட்டு வைங்க, வருஷா வருஷம் எடுத்த எடை அவங்ககிட்ட இருக்கும்.

சைதாமா_டீச்சர்:
சொல்லிட்டேன், பாக்குறேன்னாங்க. நேத்து அவ என் லெமன் சாதத்துல ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கித் தின்னுட்டு, "டீச்சர் நீங்க ஒல்லியா அழகா இருக்கீங்க"ன்னா. நானும் யோசிக்காம "ஐயோ இல்லம்மா, நான் குண்டு"ன்னுட்டேன் 🤦