இணையம் படிக்க ஐபோனா, ஆண்ட்ராய்டா?

(2010-களின் தொடக்கத்தில் எழுதியது.) நண்பர்களே, போனை நான் அதிகம் பயன்படுத்துவது இணையத்தில் கட்டுரைகள் படிக்கத்தான். இப்போது இருப்பது சிம்பியன் இயங்குதளம் உள்ள போன். அதில் உள்ள ஓபரா மினி உலாவி பக்கங்களைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்புவதால் 2ஜி இணைப்பிலும் வேகமாகத் திறக்கின்றன. அதன் பிட்மேப் எழுத்துரு வசதியை (எழுத்துகளைப் படமாக அனுப்புவது) இயக்கினால் தமிழும் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) அதிகமுள்ள தளங்களில் பட்டனை அழுத்தினால் பல நேரம் ஒன்றும் நடப்பதில்லை.

அதனால் போனை மாற்றப் போகிறேன். ஐபோனின் சஃபாரி உலாவி முழுப் பக்கத்தையும் அழகாகக் காட்டுகிறது, ஃபிளாஷ் (பக்கங்களில் வீடியோ, அனிமேஷன் ஓட்டும் மென்பொருள்) மட்டும் கிடையாது. ஐபோனில் ஃபிளாஷை ஏன் அனுமதிப்பதில்லை என்று 2010 ஏப்ரலில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய கடிதத்துக்குப் பிறகு, அது இனி வரும் என்று நம்ப முடியாது. ஆண்ட்ராய்டு 2.2-இல் ஃபிளாஷ் ஓடும். சரி, படிப்பவனுக்கு அது அவ்வளவு முக்கியமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: தமிழ்ப் பக்கங்களில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகின்றனவா? எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரை அகலத்துக்குள் மடிகின்றனவா? அப்புறம், உங்கள் மாடலுக்கு ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு உண்மையிலேயே வந்ததா? ஐபோனில் நீண்ட கட்டுரைகள் படிப்பவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். மாடல் பெயரையும் குறிப்பிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.