அம்மாவின் முட்டிக்கு டி3 பாக்கெட்: வேலை செய்கிறதா, இல்லையா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 63 வயது, இடது முட்டி தேய்மானம். ரத்தத்தில் வைட்டமின் டி பார்த்தால் வெறும் 11. டாக்டர் சொன்னபடி வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், எட்டு வாரம் பாலில் கலக்கிக் கொடுத்தோம். முன்பெல்லாம் கோலம் போட்டுவிட்டு வாசற்படியைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார், இப்போது தானே எழுந்து மாவுக் கிண்ணத்தோடு உள்ளே போகிறார். டி ஏறினால் தேய்மானம் சரியாகும் என்பதற்கு இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?

பிசியோ_தங்கம்:
அம்மா எழுந்தது சந்தோஷம் தம்பி. ஆனால் தேய்மானம் சரியானது என்று எழுதாதீர்கள். டி அவ்வளவு குறைந்தால் எலும்பு வலிக்கும், தொடைச் சதை பலமிழக்கும், உட்கார்ந்தால் எழ முடியாது. சரியானது அதுவாக இருக்கும். முட்டியில் தேய்ந்த ஜவ்வு தேய்ந்தபடியேதான் இருக்கும். ஆஸ்திரேலியாவில் டி குறைவாக இருந்த 413 பேரில் பாதிப்பேருக்கு மாதம் 50,000 யூனிட், மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை என்று 2 வருடம் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் வந்த முடிவு: ஜவ்வு தேய்ந்த அளவிலும் வலியிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை.

வைகைக்கரை:
ஆஸ்திரேலியாக்காரன் முட்டியும் தரையில் உட்காருகிற நம் முட்டியும் ஒன்றா? லக்னோவில் 107 பேரை வைத்துச் செய்து 2013-ல் வந்ததே, அதில் ஒரு வருடத்தில் வலி குறைந்தது. 1996-லேயே அமெரிக்காவில், பிரேமிங்ஹாம் ஆய்வில், டி குறைந்தவர்களுக்கு முட்டி அதிகம் தேய்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

பிசியோ_தங்கம்:
லக்னோவில் குறைந்தது உண்மை, ஆனால் கொஞ்சம்தான், அதுவும் முன்னோட்ட ஆய்வு. பிரேமிங்ஹாமில் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை, கவனித்தார்கள், அவ்வளவுதான். முட்டி வலிக்கிறவர் வெளியே போகமாட்டார், வெயில் படாது, டி குறையும். எது எதனால் வந்தது? அதை எழுதிய மெக்காலிண்டனே பிறகு பாஸ்டனில் 146 பேரை வைத்து, பாதிப்பேருக்கு 2 வருடம் டி கொடுத்துப் பார்த்து, பலனில்லை என்று 2013-ல் எழுதினார். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

நெல்லை_மணி:
சண்டைக்கு நடுவே ஒன்று. என் சித்தப்பா ‘வாரம் ஒன்று’ என்பதை ‘தினம் ஒன்று’ என்று நினைத்து இரண்டு மாதம் குடித்துவிட்டார். வாந்தி, மலச்சிக்கல், ரத்தத்தில் கால்சியம் ஏறி கிட்னி வரை போய், ஐந்து நாள் டிரிப்ஸ். பாக்கெட்டில் தேதி எழுதி வையுங்கள் அண்ணே.

வைகைக்கரை:
ஐயோ, அது தெரியாது. நமக்கு இனி மாதம் ஒன்றுதான், காலண்டரில் குறித்திருக்கிறேன். ஆனால் தங்கம் அக்கா, பாக்கெட்டால்தான் எழுந்தார் என்பதில் நான் மாறவில்லை.

பிசியோ_தங்கம்:
மாற வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பத்து எண்ணச் சொல்லுங்கள், காலையும் மாலையும். கோலம் போடும்போது ஒரு முக்காலி.

வைகைக்கரை:
முக்காலியா? அதை நீங்களே வந்து சொல்லுங்கள்.