மறுமொழி: கண் முகாம் பணமும் தெற்குத் தெரு அப்பத்தாவும்

நம் ஊர்ச் சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாள்களாகக் குழுவில் வந்த எல்லா மடல்களையும் படித்தேன். கண் முகாமுக்காக டவுன் அரிமா சங்கத்துக்காரர்கள் (லயன்ஸ் கிளப்) நம்மிடம் கேட்டது 45,000 ரூபாய். அதற்குள் குடமுழுக்குக் கணக்கு வந்துவிட்டது, பந்தல்காரர் பாக்கி வந்துவிட்டது, ஊருணிக் கரையில் யாருடைய பலகை நிற்கலாம் என்பதும் வந்துவிட்டது. கண் தெரியாமல் கிடக்கும் மனிதர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு என் தங்கை ஊருக்குப் போயிருந்தாள். தெற்குத் தெரு அப்பத்தா அவளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறார். காபி ஊற்றும்போது டம்ளருக்குள் ஆள்காட்டி விரலை விட்டுக்கொண்டு, சூடு விரலில் பட்டதும் நிறுத்தினாராம். அந்த விரல் நுனி கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தது என்று தங்கை தொலைபேசியில் அழுதாள். கோலாலம்பூரில் இருக்கும் மகனுக்குத் தெரியக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறார். அதை நான் இங்கே உடைக்கிறேன். மாமா, நீங்களும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், தங்கையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அப்பத்தாவின் தோடு எங்கே இருந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

போன ஆண்டு டவுனில் முகாம் நடந்தபோதே அவர் ஏன் போகவில்லை என்று கேட்டேன். கண்ணைத் தோண்டி எடுத்து, கழுவி, திரும்ப வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போதாததற்கு, ஆடுகளை விட்டுவிட்டு எங்கே போவது என்ற கவலை. அரிமா சங்கச் செயலாளரான ஹார்டுவேர் கடை அண்ணாச்சி இரண்டு முறை வீடு தேடி வந்தும் அப்பத்தா திண்ணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. மூன்றாம் முறை, கடையை அடைத்துவிட்டு, ஏற்கெனவே கண் அறுவை சிகிச்சை செய்துகொண்ட, மேற்குக் குடியிருப்புப் பாட்டி ஒருவரைத் தன் வண்டியிலேயே அழைத்து வந்து அப்பத்தா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அவர் வெளியே போய் நின்றுகொண்டார். இரண்டு கிழவிகளும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அப்பத்தா அந்தப் பாட்டியின் கண்ணிமையைத் தொட்டுப் பார்த்தாராம். இந்த முகாமுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

துபாய்த் தம்பி, அரிமா சங்கத்தைப் பொன்னாடை போர்த்திக்கொண்டு படம் எடுத்துப் போடும் கூட்டம் என்று எழுதியிருந்தாய். பொன்னாடை எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த மூன்றாம் முறையை யாரும் படம் எடுக்கவில்லை. இந்தச் சங்கங்களின் உண்மையான வேலை அதுதான். 1925-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் நடந்த அரிமா மாநாட்டுக்கு, பார்வையும் செவியும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லரே வந்து, பார்வையற்றோருக்குத் துணை நிற்கும்படி கேட்டுக்கொண்டார். அன்று ஏற்றுக்கொண்ட வேலையை இன்றும் செய்கிறார்கள். இதே போன்ற இன்னொரு சேவைச் சங்கமான ரோட்டரிக்காரர்கள் 1985-இல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தார்கள். 1995 டிசம்பரில் நாடு முழுவதும் சொட்டு மருந்து நாள் தொடங்கிய பிறகு, நம் பள்ளித் திண்ணையில் அரசு ஊழியர்களோடு ஐஸ் பெட்டியைச் சுமந்து நின்றவர்கள் யார்? இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்ட குழந்தைகளில் நீயும் ஒருவன். என் வகுப்பில் ஒரு பையன் முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி நடப்பான். இன்று நம் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளை இல்லை. இயற்கையில் பரவும் போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாகப் பாதிக்கப்பட்டது, 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு சிறுமி. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது.

சிங்கப்பூர்ச் சித்தப்பா, நீங்கள் கணக்குக் கேட்டதில் தவறே இல்லை. 2009-இல் அன்றைய நிர்வாகிகளும் அப்படிக் கேட்டிருந்தால் நாம் இன்று இரண்டு அணியாக நிற்க மாட்டோம். அண்ணாச்சியிடம் போன முகாமின் ரசீதுகளைக் கேட்டேன். அன்று இரவே அனுப்பினார், இணைத்திருக்கிறேன். பரிசோதனை, மதுரைக்குப் பேருந்து, அறுவை சிகிச்சை, லென்ஸ், அங்கே தங்கலும் சாப்பாடும் மருத்துவமனையின் பொறுப்பு. உள்ளூர்க்காரர்கள் இடமும் ஆளும் ஏற்பாடு செய்ய வேண்டும். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இப்படி ஊர்க்காரர்களையும் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டுதான் கிராமம் கிராமமாக முகாம் நடத்தி வளர்ந்தது. நம்மிடம் கேட்ட பணம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவுக்கும் நோட்டீசுக்கும் வருபவர்களின் மதியச் சாப்பாட்டுக்கும் குடியிருப்புகளிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் வேனுக்கும். நேரடியாகக் கடைக்காரர்களுக்கே பணம் போகட்டும் என்கிறீர்கள் என்றால் அண்ணாச்சிக்கு அதிலும் மறுப்பு இல்லை.

டொராண்டோ அண்ணன், நம் ஊர் யாரிடமும் கையேந்தியதில்லை என்று எழுதினீர்கள். பெரிய ஐயா காலத்தில் கண்மாய் மடை உடைந்தபோது இருபத்திரண்டு வீட்டு ஆண்கள் இரவோடு இரவாக மண் சுமந்தார்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அந்த வீடுகளில் பாதி இப்போது பூட்டிக் கிடக்கின்றன, உங்கள் வீடும் என் வீடும் அதில் சேர்த்தி. பதினோரு ஆண்டுகளாக நீங்கள் வரவில்லை. நான் குறை சொல்லவில்லை, எனக்கும் நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. நாம் இல்லாத இடத்தில் ஒருவர் மூன்று முறை படியேறியிருக்கிறார். அவர் சங்கத்துப் பலகை ஒரு நாள் ஊருணிக் கரையில் நின்றுவிட்டுப் போகட்டும்.

என் பங்கு 10,000 ரூபாயைப் பொருளாளருக்கு அனுப்பிவிட்டேன். கூடுதலாக ஒன்று கேட்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை உண்டு. வண்டி இல்லாததால் போன முறை பலர் போகவில்லை என்று அண்ணாச்சி வருந்தினார். அந்த ஒரு நாள் வேன் வாடகையை மட்டும் நம் சங்கமே தனியாக ஏற்க வேண்டும்.

அப்பத்தா மதுரையில் இருக்கும் நாள்களுக்கு ஆறு ஆடுகளையும் ஒரு குட்டியையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மேலத்தெருவில் யாருக்காவது சொந்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தனி மடலில் எழுதுங்கள்.