கால்வரை இழுக்கும் இடுப்புவலி: ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

நாமக்கல் லாரிக்காரன்:
வயது 47. இருபத்திரண்டு வருடமாக லாரி, பெரும்பாலும் நாக்பூர் லைன். இடுப்புவலி பழைய கதை. பங்குனியிலிருந்து வலி இடது பிட்டத்தில் பிடித்து, தொடைக்குப் பின்னால் இறங்கி, சுண்டுவிரல்வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறது. கிளட்ச் மிதிக்கிற கால் அது. முதுகெலும்பின் அடியில் எல்5-எஸ்1 டிஸ்க் (இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம், எம்ஆர்ஐ சொல்கிறது. ஆறு வாரம் பிசியோ பார்த்தாயிற்று. இப்போது டாக்டர் முதுகில் ஸ்டீராய்டு ஊசி என்கிறார். சுகர் வேறு இருக்கிறது. முதுகில் ஊசி போட்டால் காலே விளங்காமல் போய்விடும் என்று மாமியார் ஒரே அழுகை. போட்டவர்கள் சொல்லுங்கள். எப்போது வண்டி எடுக்கலாம்?

தையல்கடை அக்கா:
தம்பி, நான் இரண்டு தடவை போட்டவள். முதல் தடவை எனக்கும் இதே கால்வலிதான். குப்புறப் படுக்கவைத்து, மரப்பு ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே நரம்புப் பக்கம் கொண்டுபோனார்கள். மருந்து இறங்கும்போது வலி குதிகால்வரை ஓடியது. "எப்போதும் வருகிற வலிதானா?" என்றார் டாக்டர். அதேதான். சாயங்காலம் சொர்க்கம், மறுநாள் பழையபடி வலி. பணம் போச்சு என்று நினைத்தேன். மரப்பு மருந்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஸ்டீராய்டு பிடிக்கச் சில நாள் ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை! நான்காம் நாள் வலி விட்டது. மூன்று மாதம் நிம்மதி. அந்த நேரத்தில்தான் ஒழுங்காக நடக்கப் பழகினேன்.

இரண்டு வருடம் கழித்து, கால்வலி இல்லாத வெறும் இடுப்புவலிக்கு நானே கேட்டுப் போட்டுக்கொண்டேன். ஒரு மண்ணும் இல்லை.

சுகர்தான் கவனம். வெறும் வயிற்றில் 130 இருந்தது மறுநாள் 290. இறங்க ஐந்தாறு நாளானது. மாத்திரையைக் கூட்டணுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பிசியோ தம்பி:
அக்காவின் இரண்டாவது ஊசி ஏன் பலிக்கவில்லை என்றால், இந்த மருந்து டிஸ்க்கை உள்ளே தள்ளாது. நரம்பைச் சுற்றிய வீக்கத்தைத்தான் குறைக்கும். எந்தச் சிகிச்சை பலன் தரும் என்று பார்த்துச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெறும் இடுப்புவலிக்கு முதுகில் ஊசி வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. புதிதாக வந்த கடுமையான கால்வலிக்குத்தான் இடம் கொடுத்தது.

மாமியார் பயம் முழுப் பொய்யில்லை. பக்கவாதம், பார்வை இழப்பு மிக அபூர்வமாக வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014இல் எச்சரித்தது. எக்ஸ்ரே பார்த்துத்தான் போடுவார்களா, எந்த மருந்து என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் மறைக்காதீர்கள். அன்றைக்கு வண்டி தொடவே வேண்டாம், கால் மரத்திருக்கும். அப்புறம் எப்போது என்பதை டாக்டரிடம் கேளுங்கள், லாரி என்று சொல்லிக் கேளுங்கள். சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ தொடையிடுக்கு மரத்தாலோ ஊசிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

நாமக்கல் லாரிக்காரன்:
நன்றி. திங்கட்கிழமை போகிறேன், கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிவிட்டேன். மாமியாருக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். "முழுப் பொய்யில்லை" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தி, மறுபடி அழ ஆரம்பித்துவிட்டார்.