கல்பாத்தித் தேருக்குப் போகிறவர்களுக்கு, கச்சேரி நாளில் போன அனுபவம்

பாலக்காட்டில் இருக்கும் கல்பாத்தியின் தேர்த் திருவிழா என்றாலே எல்லோரும் மூன்றாம் நாள் சாயங்காலத்தைத்தான் சொல்வார்கள். தேர்முட்டியில் தேர்கள் வந்து கூடுகிற தேவரத சங்கமம். பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டுக் கேட்கவும் வாய்க்கு ருசியாக ஏதாவது சாப்பிடவும் போகிறவர்கள் முந்தைய நாட்களில், சங்கீத உற்சவம் நடக்கும்போதே போய்விடுங்கள் என்பது என் கட்சி. நாங்கள் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஒரு பஸ் தூரம்தான், அதனால் இரண்டு மாதிரியும் போய்ப் பார்த்தாயிற்று.

தேர் வருவது ஐப்பசிக் கடைசியில், மலையாளக் கணக்கில் துலாம். கச்சேரிக்கு அண்ணியும் நானும் போனபோது நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது, ஓரமாக நின்றோம். பக்கத்தில் ஒரு பெரியவர் தோளில் துண்டோடு, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டை நிறுத்தித் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் வழக்கம்போல ஒரு கூட்டம் காபிக்குக் கிளம்ப, "மணி ஐயர் ஊருக்கு வந்து தனிக்கு எழுந்து போறா பாருங்கோ" என்று என்னிடம் முறையிட்டார், ஏதோ நான்தான் அனுப்பி வைத்த மாதிரி. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மறைந்தது 1981-இல், ஆனால் இவர் பேசியதைக் கேட்டால் நேற்று ராத்திரிதான் வாசித்துவிட்டு எழுந்து போனார் என்று தோன்றும்.

அப்புறம் என் கையைப் பிடித்துப் போட்டுக் காட்டினார். ஆதி தாளம். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டி வீசி, தட்டி வீசி, ஆக எட்டு. மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் போய்க் கடைசியில் சேர்ந்துகொண்டு, ஒரே கோர்வையை, அதாவது கணக்காகக் கட்டிய முடிப்பை, மூன்று தரம் வாசித்துப் பாட்டு தொடங்குகிற இடமான எடுப்பில் கொண்டுவந்து இறக்கியபோது என் விரலும் தப்பாமல் அங்கேயே வந்து நின்றது. பெரியவர் "ஆங்!" என்றார், மிருதங்கக்காரருக்கா எனக்கா தெரியாது. எனக்கு என்றே வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். காலையில் போகிற வழியிலேயே இறங்கி ராமசேரி இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனோம், மண்பானை வாயில் வலை கட்டித் துணி விரித்து வேகவைக்கிற தட்டை இட்லி, தேங்காயெண்ணெய் விட்ட பொடியோடு. கல்பாத்தி அக்ரஹாரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் மாமி கைமுறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். அச்சு கிடையாது. மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளி, முறுக்கிக்கொண்டே துணிமேல் வட்டம் வட்டமாக விடுகிறார், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி மாறவே இல்லை. நாங்கள் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்து, "க்ஷீணமா இருக்கா? செத்த ஒக்காருங்கோ" என்று உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணி தானும் ஒன்று சுற்றிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். மாமி அதைக் கண்ணெடுத்துப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் மறுபடி உருட்டி மாவோடு சேர்த்துவிட்டார். வாங்கி வந்த முறுக்கு வீடு வந்து சேர்வதற்குள் பஸ்ஸிலேயே காலி.

தேரன்றைக்கு இதெல்லாம் நடக்காது. பொரி, ஈத்தப்பழம், அல்வா, வளையல் கடைகளுக்கு நடுவில் நாம் நடப்பதில்லை, கூட்டம்தான் நம்மை நடத்திக்கொண்டு போகும். போனில் சிக்னல் இருக்காது, பெண்கள் ஒதுங்க இடம் தேடி அலைந்த கதையை அண்ணியிடம் கேட்டால் அரை மணி நேரம் சொல்வார். ஆனாலும் முன்னால் ஜனங்கள் வடம் பிடிக்க, பின்னால் யானை நெற்றியைக் கொடுத்துத் தேரைத் தள்ளுகிற அந்தக் காட்சிக்காக ஒரு தடவையாவது போகலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் தேர்முட்டிக்கு அருகில் நிற்காதீர்கள், தெரு நடுவில் ஏதாவது ஒரு திண்ணையில் மத்தியானமே இடம் பிடித்துவிடுங்கள். வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், எங்களிடம் சொன்னதில்லை.